மடியில் தவழும் இரும்பு!

பக்ஸ் பன்னி, டாஃபி டக் கார்ட்டூன்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும்போது காதில் விழுந்திருக்கும். திரையில் வட்டம் வட்டமாக வளையங்கள் விரியும். கதை தொடங்குவதற்கு முன்னால் ‘ப்வொய்ய்ங்ங்...’ என்று ஒரு சத்தம், யாரோ ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி கீழேயிருந்து மேலே எகிறும்.

அது ஸ்பிரிங் இல்லை. கிடார்! அதுவும் தோளில் மாட்டிக்கொண்டு ஆடிப்பாடி வாசிக்கிற கிடார் அல்ல. மடியில் குழந்தையைப் போலப் படுக்கவைத்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டை வைத்துத் தந்திகளின் மேல் இழுத்து இழுத்து வாசிக்கிற ஸ்டீல் கிடார். அந்தக் கார்ட்டூன் சத்தத்தை எழுப்பியவர் ஃப்ரெடி டவாரஸ் என்ற ஹவாய்க்காரர் என்பார்கள். பிற்பாடு இதே மனிதர் ஃபெண்டர் கம்பெனியில் சேர்ந்து, 1954-ல் வெளிவந்த உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரை வடிவமைத்ததிலும் பங்கெடுத்தார்.

‘ஸ்டீல் கிடார் என்றால் ஸ்டீலில் செய்ததா?’ என்று கேட்கிறீர்களா? அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். உடம்பு மரமாக இருக்கலாம், அலுமினியமாக இருக்கலாம், பேக்கலைட்டாகக்கூட இருக்கலாம். ஸ்டீல் என்பது கையில் இருக்கிற அந்தத் துண்டு. பெயர் வாத்தியத்துக்கு, பெருமை துண்டுக்கு!

இந்தத் துண்டின் கதை ஒரு ரயில் பாதையில் தொடங்குகிறது.

*

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் லாயியே என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1874-ல் பிறந்தவர் ஜோசப் கெகுகு. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது தண்டவாளத்தின் ஓரமாகக் கிடாரும் கையுமாக நடந்து போனான், கீழே கிடந்த ஒரு போல்ட்டைப் பொறுக்கினான், அது தற்செயலாகத் தந்தியில் உரச, ‘அட, இது என்ன சத்தம்!’ என்று நின்றுவிட்டான் என்பது அந்த ஊர்க் கதை. சீப்பை வைத்து இழுத்தான், பேனாக்கத்தியின் முதுகை வைத்து இழுத்தான் என்று வேறு மாதிரியும் சொல்வார்கள். எது முதலில் என்ற சண்டை நமக்கு வேண்டாம். கதையின் அடுத்த கட்டம்தான் முக்கியம். ஹொனலூலுவில் கமெஹமெஹா பள்ளியில் படித்தபோது, அந்தப் பள்ளியின் பட்டறையிலேயே தனக்கு வாகான ஓர் இரும்புத் துண்டைச் செய்துகொண்டான் கெகுகு. தந்திகள் கிடாரின் கழுத்தில் இடிக்காமல் இருக்க அவற்றைக் கொஞ்சம் உயர்த்தியும் கட்டினான். இந்த வாசிப்பைப் பழகிப் பக்குவப்படுத்த அவனுக்கு 7 வருடங்கள் ஆயின.

ரயில் பாதையும் பட்டறையும் நமக்குப் புதிதா என்ன? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஆவடி வழியாகத்தான் போனது. கெகுகு பிறப்பதற்கே 18 வருடங்களுக்கு முன்னால்! பட்டறைக்கோ, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் போதும். திரும்பிய பக்கமெல்லாம் லேத் சுற்றும் சத்தம். அங்கே ஒரு டர்னரிடம் போய், ‘அண்ணே, கட்டை விரல் தடிமனில், மூணேகால் இன்ச் நீளத்தில் ஒரு எஸ்.எஸ். ராடு வேணும். ஒரு முனை மட்டும் தோட்டா மாதிரி உருண்டையா, கண்ணாடி கணக்கா பாலிஷ் போட்டு’ என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிடுவார். அவர் கொடுப்பது ஒரு முழுமையான ஸ்டீல் கிடார் ‘பார்’. இந்த வாத்தியத்தின் உயிரே அதுதான்.

1904-ல் கெகுகு ஹவாயை விட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கிளம்பினார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பிரம்மாண்டமான பனாமா–பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய் அரங்கில் கூட்டம் அள்ளியது. அதற்கப்புறம் அமெரிக்காவுக்கே ஹவாய்ப் பைத்தியம் பிடித்தது. கெகுகு ஐரோப்பாவுக்கும் போய் வருடக்கணக்கில் வாசித்துவிட்டு வந்தார்.

சரி, இப்போது ஒரு வில்லங்கமான விஷயம்.

கெகுகுவுக்கு முன்பே, 1880-களில், ஹவாயில் ஒருவர் கிடார் தந்தியில் எதையோ வைத்து இழுத்து வாசித்ததைக் கண்டதாகச் சிலர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் பெயர் கேப்ரியல் டேவியன். சொந்த ஊர்? இந்தியா! ஒரு கப்பல் கேப்டன் சிறுவயதில் கடத்திக்கொண்டு வந்து ஹவாயில் விட்டதாகச் சொல்கிறது அந்தக் குறிப்பு.

உடனே ‘பார்த்தீர்களா, எல்லாம் நம்ம சரக்கு!’ என்று மார்தட்டக் கிளம்பிவிடாதீர்கள். நினைவிலிருந்து எழுதப்பட்ட குறிப்புகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒரே யோசனை இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு வருவதும் உலகத்தில் நடக்காததல்ல. ஆனால், தந்தியில் அழுத்தாமல் வழுக்கி வாசிப்பது நமக்குப் பழங்கதை என்பதில் சந்தேகமே இல்லை. 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகரம்’ ஏகதந்திரி என்ற ஒற்றைத் தந்தி வீணையைப் பற்றிப் பேசுகிறது. மெட்டு கிடையாது. மூங்கில் துண்டை வைத்து வழுக்கித்தான் வாசிக்க வேண்டும்.

அந்தப் பரம்பரையில் தமிழ்நாட்டில் வந்ததுதான் கோட்டுவாத்தியம். ‘கோடு’ என்றால் பழந்தமிழில் மரக்கிளை, கொம்பு என்றெல்லாம் பொருள். கருங்காலிக் கட்டையை வைத்து வாசிக்கிற வாத்தியத்துக்கு எத்தனை பொருத்தமான பெயர்! திருவிடைமருதூர் சகாராம ராவ்தான் இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் சிறுவயதில் இவரிடம் பாட்டு கற்றிருக்கிறார். அவருக்குப் பின் நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மேதைகள். நாராயண ஐயங்காரின் பேரன்தான் ரவிகிரண். பழைய பெயரான ‘சித்ரவீணை’ என்பதே இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டது.

*

மறுபடி அமெரிக்கா. 1920-கள்.

ஸ்டீல் கிடாருக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. சத்தம் பற்றவில்லை. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்குகிற ஆர்க்கெஸ்ட்ராவில் மடியில் கிடாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை யார் கவனிப்பார்கள்? ஊமைப் படத்தில் வசனம் பேசிய கதைதான்.

ஜார்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞருக்கு இது தாங்கவில்லை. ஜான் டோபியேரா என்ற கருவி செய்பவரைப் பிடித்தார். கிராமபோன் தத்துவத்தில், கிடாரின் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்புகளை வைத்து, உடம்பையும் உலோகத்திலேயே செய்தார்கள். 1927-ல் ‘நேஷனல்’ கிடார் பிறந்தது. அதற்கு உலோக உடம்பு அடித்துக் கொடுத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கர். அம்பத்தூர் எஸ்டேட்டில் டை அடித்து, பிரஸ் வைத்து ஆர்டருக்கு வேலை செய்து தருகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஆள்.

பீச்சம் அதோடு நிற்கவில்லை. கூம்பெல்லாம் எதற்கு, தந்தியின் அதிர்வையே மின்சாரமாக மாற்றினால் என்ன? வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்துக் கம்பிச்சுருள் சுற்றினார். அதன்மேல் இரண்டு லாடக் காந்தங்களை எதிரெதிராகப் பொருத்தினார். தந்திகள் அந்தக் காந்தக் குகைக்குள்ளே புகுந்து போக வேண்டும். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலங்கும், சுருளில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப்ளிஃபயர் அதை அலறலாக்கும். அவ்வளவுதான்.

1931-ல் மரத்தில் மாதிரி தயார். 1932-ல் வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கே வந்துவிட்டது. வட்டமான சின்ன உடம்பு, நீளமான கழுத்து. கைப்பிடி வைத்த தோசைக்கல் மாதிரியே இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்று செல்லப்பெயர் விழுந்தது. காந்தமும் சுருளும் வைத்து விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிடார் இந்தத் தோசைக்கல்தான். இன்று ராக் மேடைகளில் அலறுகிற அத்தனை கிடார்களுக்கும் பாட்டி, மடியில் படுக்கவைத்து வாசித்த ஒரு ஸ்டீல் கிடார்!

அதே 1932 ஜனவரியில்தான் நியூஜெர்ஸியில் ஜோசப் கெகுகு காலமானார். தான் கண்டுபிடித்த வித்தைக்கு மின்சாரக் குரல் வந்ததைக் கேட்க அவர் இல்லை.

பீச்சமுக்காவது விடிந்ததா? அதுவும் இல்லை. பேட்டன்ட் ஆபீஸில் ‘இது சங்கீத வாத்தியமா, மின்சாரக் கருவியா?’ என்று குழம்பி ஃபைலைத் தூங்கவைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சால் ஹூபி உள்ளிட்ட ஹவாய்க் கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவழியாக 1937 ஆகஸ்ட்டில் பேட்டன்ட் கிடைத்தது. அதற்குள் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் எலெக்ட்ரிக் கிடாரை விற்று முதல் பார்த்துவிட்டன. மனம் வெறுத்த பீச்சம் 1940-ல் கம்பெனியை விட்டு விலகி, தூண்டில் மீன்பிடிப்புக்கான இரை தயாரிக்கலாம் என்று இறங்கினார். 1941-ல் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. முடிந்தது கதை.

*

இப்போது நம் பஞ்சாயத்துக்கு வருவோம். பழைய ஸ்டீல் கிடார்களில் இரண்டு ஜாதி. ஒன்று, மடியில் வைக்கிற ‘லேப் ஸ்டீல்’. இன்னொன்று, கால் முளைத்து மேஜை மாதிரி நிற்கிற ‘கன்சோல் ஸ்டீல்’. எது உசத்தி? இன்றுவரை இதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

முதலில் மடி.

அலுமினியத் தோசைக்கல்லுக்கு ஒரு நோய் இருந்தது. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரியும், சுருதி ஓடிவிடும். அதனால் ரிக்கன்பேக்கர் 1935-ல் பேக்கலைட்டுக்கு மாறினார். நம் வீட்டுப் பழைய ஸ்விட்சுகள் கறுப்பாக, கெட்டியாக இருக்குமே, அதே பேக்கலைட். அளவில் சின்னதாக இருந்தாலும் தூக்கினால் கனக்கும். தந்தியின் அதிர்வை உடம்பு விழுங்காது. ஒருமுறை மீட்டினால் நாதம் நின்று பேசும். குரல்? டி.எம்.சௌந்தரராஜன் மாதிரி. தடித்த, அடித்தொண்டையிலிருந்து வருகிற கணீர். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மாடல்களில் காந்தம் ஒன்றரை அங்குல அகலம். போருக்குப் பின் அதை ஒண்ணேகால் அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கால் அங்குலத்துக்காக இன்றைக்கும் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது! குறை என்னவென்றால், தந்திகளுக்கு மேலே காந்தம் வளைந்து நிற்பதால் வலது கையை நினைத்த இடத்தில் வைத்து வாசிக்க முடியாது.

அடுத்து கிப்சன். 1936 வாக்கில் வந்த ‘இ.ஹெச்.-150’. ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து 150 டாலர், பெயரிலேயே விலை. மர உடம்பு. குரல் பி.பி.ஸ்ரீனிவாஸ். கூர்மை இல்லாத, வெதுவெதுப்பான மென்மை. தாலாட்டுக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவை மீறிக் குரல் எழுப்பச் சொன்னால் கொஞ்சம் தயங்கும்.

மூன்றாவது, ரேடியோ ரிப்பேர்க்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய லியோ ஃபெண்டர். 1945-ல் கூட்டாளியுடன் சேர்ந்து லேப் ஸ்டீல் செய்ய ஆரம்பித்தவர். இவருடைய கருவிகளின் குரல் சீர்காழி கோவிந்தராஜன். வெண்கலம்! சபையின் கடைசி வரிசைவரை மணியடித்த மாதிரி போய்ச் சேரும். முத்துச்சிப்பி போலப் பளபளக்கும் பிளாஸ்டிக்கை மேலே ஒட்டி விற்ற ‘சாம்பியன்’ மாடலை வாசிப்பவர்கள் ‘டாய்லெட் சீட்’ என்று கிண்டலடித்தார்கள். கிண்டலடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். உலகப் புகழ்பெற்ற டெலிகாஸ்டர் கிடாரின் கூர்மையான குரலுக்கு வித்து இந்த டாய்லெட் சீட்டின் பிக்-அப்தான்.

அப்படியென்றால் கால் எதற்கு முளைத்தது?

இங்கேதான் சங்கதி இருக்கிறது. சாதாரண கிடாரில் 4 விரல்கள் 4 இடத்தில் அழுத்தி எந்தக் கார்டையும் பிடித்துவிடும். ஸ்டீல் கிடாரில் இருப்பதோ நேரான ஒரே இரும்பு. எல்லாத் தந்தியையும் ஒரே கோட்டில்தான் தொடும். தந்திகளை எந்தச் சுருதியில் கட்டியிருக்கிறீர்களோ அந்த ஒரு கார்டுதான் மேலும் கீழும் நகரும். மேஜரில் கட்டினால் மேஜர். மைனர் வேண்டுமா? இரும்பைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அது கம்பி மேல் நடக்கிற வேலை. ஒரு நூலிழை தப்பினால் அபசுரம், அதுவும் மைக்கில்!

அதனால் யோசித்தார்கள். ஒரே கருவியில் இரண்டு கழுத்து வைத்தால்? ஒன்று ஒரு சுருதியில், மற்றது இன்னொரு சுருதியில். பாட்டின் நடுவே கழுத்து மாறிக்கொள்ளலாம். பிறகு மூன்று கழுத்து, நான்கு கழுத்து. கழுத்துக்கு 8 தந்தி என்றால் மொத்தம் 32! ராவணனை மடியில் உட்காரவைக்க முடியுமா? அதனால்தான் கால் முளைத்தது.

1953-ல் ஃபெண்டர் வெளியிட்ட ‘ஸ்ட்ரிங்மாஸ்டர்’ இந்தக் கன்சோல் ஜாதியின் சக்கரவர்த்தி. ஒவ்வொரு கழுத்துக்கும் இரண்டு பிக்-அப். இரண்டையும் இணைத்த விதத்தில் அந்த எரிச்சலூட்டும் ‘ம்ம்ம்’ என்ற கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகி, கூர்மைக்கும் இனிமைக்கும் நடுவே வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

வாசிப்பதில் என்ன வித்தியாசம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம், பயப்படாதீர்கள். பழைய லேப் ஸ்டீல்களில் பிரபலமான தந்தி நீளம் 22.5 அங்குலம். கன்சோல்களில் 26 அங்குலம்வரை போவார்கள். அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்ற, நீளமான கருவியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிக விறைப்பு வேண்டும். விறைப்பு கூடினால் நாதம் தெளியும், நீளும். கனமான இரும்பை வைத்தாலும் தந்தி அமுங்காது. ஆனால், முதல் இரண்டு சுரத்தானங்களுக்கு நடுவே சின்னதில் ஒண்ணேகால் அங்குலம், பெரியதில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். இரும்பைச் சாய்த்து வாசிப்பவருக்கு அந்தக் கால் அங்குலம் கால் மைல்! சாய்த்து வாசிக்கிற வித்தையில் மன்னர்கள் பலரும் சின்ன நீளத்தை விரும்பியது இதனால்தான். நாஷ்வில்லில் கொடிகட்டிப் பறந்து, 1970-களில் ஹவாய்க்கே குடிபோய் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெரி பேர்டு, பேக்கலைட் ரிக்கன்பேக்கரின் பரம ரசிகர்.

மடியில் இருப்பதற்கு இன்னொரு சௌகரியம், நெருக்கம். அதிர்வு தொடையில் தெரியும். அசௌகரியமும் அதேதான். நீங்கள் அசைந்தால் அதுவும் அசையும். கன்சோல் மலை மாதிரி நிற்கும். உட்கார்ந்தும் வாசிக்கலாம், நின்றும் வாசிக்கலாம், வலது கால் சும்மா இருப்பதால் வால்யூம் பெடலை மிதிக்கலாம். கச்சேரி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் பிடிப்பது உங்கள் பாடு.

கடைசியில் இரண்டையுமே காலி செய்தது மூன்றாவது ஒன்று. காலால் மிதித்துத் தந்தியின் சுருதியையே மாற்றும் பெடல் ஸ்டீல். 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து வாசித்ததைக் கேட்டதும் அமெரிக்கக் கிராமியச் சங்கீதக்காரர்கள் ஓடிப்போய்ப் பெடல் வாங்கினார்கள். நாலு கழுத்து ராவணர்கள் பரணுக்குப் போனார்கள்.

*

‘இதில் நமக்கென்ன?’ என்கிறீர்களா. இருக்கிறது.

கெகுகு பிறந்த அதே லாயியேவில் வளர்ந்தவர் டாவ் மோ. 1928-ல் ஒரு குழுவுடன் ஆசியச் சுற்றுப்பயணம் கிளம்பியவர், 1929-ல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு மனைவி ரோஸ், பிள்ளைகள் என்று குடும்பத்தோடு நாடு நாடாக வாசித்துக்கொண்டே அரை நூற்றாண்டு சுற்றினார். 1940-களில் சில வருடங்கள் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். கல்கத்தாவின் கார்னி நைஸ் போன்றவர்கள் அவர் வாசிப்பில் மயங்கி ஹவாயன் கிடாரைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து பரவியதுதான் எல்லாம். ரவீந்திர சங்கீதத்தில் ஹவாயன் கிடார், ஹிந்தி சினிமாவில் ஹவாயன் கிடார். வான் ஷிப்லி, ஹசாரா சிங், சுனில் கங்குலி ஆகியோர் சினிமாப் பாட்டுகளைக் கிடாரிலேயே ‘பாடி’ வெளியிட்ட இசைத்தட்டுகள் சக்கைப்போடு போட்டன.

ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷண் காப்ரா ஒரு படி மேலே போனார். பெரிய வயிறு கொண்ட கிப்சன் கிடாரை மடியில் படுக்கவைத்து, அலி அக்பர் கானிடம் கற்ற ராகங்களை வாசித்தார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு சேர்ந்து அவர் வாசித்த ‘கால் ஆஃப் த வேலி’ இசைத்தட்டு பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. அடுத்த தலைமுறையில் விஸ்வமோகன் பட் கிடாரில் சுருதித் தந்திகளையும் அனுதாபத் தந்திகளையும் சேர்த்து ‘மோகன வீணை’ ஆக்கி, 1994-ல் கிராமி விருதே வாங்கிவிட்டார். கல்கத்தாவின் தேவாஷிஷ் பட்டாச்சார்யா ‘சதுரங்கி’ என்று தனக்கென்று ஒரு வடிவத்தையே உண்டாக்கினார்.

கவனித்தீர்களா? இவர்களில் ஒருவர்கூட நாலு கழுத்துக் கன்சோல் பக்கம் போகவில்லை. ஏன்? அமெரிக்கர்களுக்குக் கார்டு வேண்டும், அதற்குக் கழுத்து மேல் கழுத்து வேண்டும். நமக்கு ராகம் வேண்டும். ஷட்ஜம் ஒன்றுதான், மாறாது. ஒரு கழுத்து, ஒரு சுருதி போதும். ஆனால், அந்த ஒற்றைக் கோட்டில் கமகம் குழைய வேண்டும். அதனால் அவர்கள் கழுத்தைக் கூட்டிய இடத்தில், நம்மவர்கள் மீட்டாமலே ரீங்கரிக்கும் தந்திகளைக் கூட்டினார்கள். வாத்தியத்துக்குக் கால் முளைப்பதும் முளைக்காததும் சங்கீதம் கேட்கிறபடிதான்.

இதிலே ஓர் உறுத்தல் உண்டு. கடல்கடந்து வந்த கிடார் வடக்கே இப்படி வீணையாகவே மாறிப்போனபோது, தெற்கே ஏற்கெனவே இருந்த கோட்டுவாத்தியம் என்ன ஆனது? சுமார் 20 தந்திகள், தரையில் கிடத்தி வாசிக்கும் பெரிய உடம்பு, இணைத் தந்தியில் ஒரே சமயத்தில் இரண்டு ஸ்தாயி, கீழே ரீங்காரத் தந்திகள் என்று எல்லாமே இருந்தது. குரலுக்கு அடுத்தபடி கமகத்தை இத்தனை துல்லியமாகக் காட்டுகிற வாத்தியம் வேறு எதுவென்று யோசிக்க வேண்டும். ஆனால் கற்பது கடினம். மெட்டு என்ற ஊன்றுகோல் கிடையாது. கட்டை நிற்கிற இடத்தைக் காது மட்டும்தான் சொல்லும். சத்தமும் மென்மை. கற்றுத்தர ஆளும் குறைவு, செய்துதர ஆளும் குறைவு. ஹவாயன் கிடாரோ கடையில் கிடைத்தது. தலைமாட்டில் ஒரு சின்ன உலோகத் துண்டைச் செருகித் தந்தியை உயர்த்தினால் சாதாரண கிடாரே ஸ்டீல் கிடார் ஆகிவிடும். அபூர்வமான வாத்தியம் அபூர்வமாகவே இருந்துவிட்டது.

டாவ் மோவின் கதையில் கடைசியாக ஒரு திருப்பம். வயதான காலத்தில் லாயியேவுக்குத் திரும்பியவர், பாப் பிராஸ்மன் என்ற அமெரிக்கக் கிடார்க்காரருக்கு இசைத்தட்டு கேட்டுக் கடிதம் போட்டார். பிராஸ்மன் பழைய ஹவாய்த் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். கடிதத்தைப் படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னிடம் இருக்கும் 1929-ம் வருடத்துத் தட்டுகளில் வாசித்த மனிதர் உயிரோடு இருக்கிறார், தனக்கே கடிதம் எழுதியிருக்கிறார்! ஓடினார். இளமைக் காலத்தில் வாசித்த பாட்டுகளையே டாவ், ரோஸ், அவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து பாட, பிராஸ்மன் உடன் வாசிக்க, 1989-ல் ஆல்பம் வெளிவந்தது. டாவ் மோ 2004-ல் 95-வது வயதில் மறைந்தார்.

கோட்டுவாத்தியத்துக்கு அப்படிக் கடிதம் எழுதி ஆள் தேடவேண்டிய நிலை இன்னும் வரவில்லை. சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். சபாவின் அட்டவணையில் ‘சித்ரவீணை’ என்ற பெயரைப் பார்த்தால் அம்பத்தூரிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ பஸ் பிடித்துப் போய், முடிந்தால் முன்வரிசையில் உட்காருங்கள். வித்வானின் இடது கையையே பாருங்கள். தந்தியின் மேல் ஒரு சின்ன உருளை வழுக்கிக்கொண்டு போகும்.